கவிழ்த்தாலும் விழாத பதம்

காலைச் சாப்பாடு மூக்கு வழியாகப் போகும் என்று ரத்தினவேலு உலகத்தின் எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை. டிராவல்ஸ் கம்பெனியில் டூர் மேனேஜராக வாழ்நாளில் பாதியை ஏரோபிளேனிலும் பஸ்ஸிலும் கழித்தவர். ஜனங்களைக் கும்பல் கும்பலாக மேய்த்துக்கொண்டு போய் உலகத்தைக் காட்டிவிட்டு, ஒருத்தரையும் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவந்து மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டவர். கையால் சாப்பிடுகிற ஊர், குச்சியால் சாப்பிடுகிற ஊர், ஒரு துண்டு ரொட்டி தின்பதற்குக் கத்தி, முள், கைக்குட்டை என்று ஆயுத பூஜை மாதிரி பரப்பிவைக்கிற ஊர், எல்லாம் அவருக்கு அத்துப்படி. மூக்கால் சாப்பிடுகிற ஊரும் ஒன்று உண்டு, அது சென்னையிலேயே ஓர் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது. பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் பாதி வாயையும் எடுத்துக்கொண்டு போன பிறகு அதுவும் தெரிந்துவிட்டது. நர்ஸ் வருவாள், மூக்கில் செருகியிருக்கிற குழாயின் மூடியைத் திறப்பாள், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சை அதில் மாட்டித் தூக்கிப் பிடிப்பாள், பால் நிறத்தில் எதையோ ஊற்றுவாள். தொண்டைக்குள் சில்லென்று ஒரு கோடு இறங்கும். அவ்வளவுதான் பலகாரம். ருசி இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது. ருசி இருக்கிற வாசல் பக்கமே அது வருவதில்லை, சந்து வழியாக நேரே கொல்லைக்குப் போய்விடுகிறது. இன்றைக்கு அதுவும் வரவில்லை. வராது. இன்றைக்கு வாயால். விழுங்கப் பயிற்சி கொடுக்கிற ஷெரின் வந்து வாயில் ஒரு ஸ்பூன் வைத்துப் பார்ப்பாள். இறங்கினால் இறங்கியது, புரையேறினால் அடுத்த வாரம் வயிற்றில் ஓட்டை போட்டு அங்கே நிரந்தரமாக ஒரு குழாய். நேற்று சாயங்காலம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு டாக்டர், அவர் மனைவி தமயந்தியிடம் சொன்னது இது. வாய் குழறினால் காதும் போய்விட்டது என்று எல்லாரும் எப்படித்தான் முடிவுகட்டுகிறார்களோ. "நிரந்தரமாவா டாக்டர்?" என்று தமயந்தி கேட்டாள். டாக்டர் சொன்ன பதில் மட்டும் ரத்தினவேலு காதில் விழவில்லை.

ஜன்னல் வெளுத்துக்கொண்டு வருகிறது. எதிர்க் கட்டிடத்து மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, கொடியில் யாரோ மறந்துபோன ஒரு துண்டு, அதற்குப் பின்னால் எங்கோ மின்சார ரயில். தமயந்தி கூழ் காய்ச்சிக் கொண்டுவருகிறேன் என்று இருட்டோடு கிளம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். என்ன கூழ் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் வார்த்தை ஒரு பக்கமாக ஒழுகும். பஸ்ஸில் மைக்கைப் பிடித்தால் கடைசி சீட்டில் தூங்கி வழிகிறவரைக்கூடச் சிரிக்கவைத்த வாய் இது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் நர்ஸ் குனிந்து, காதைக் கிட்டக் கொண்டுவந்து, பாவம் என்கிற முகத்தோடு இன்னொரு தடவை சொல்லுங்க சார் என்கிறாள். போதும் என்று வாயைச் சாத்திவிட்டார். தலையை ஆட்டுகிறார், இடது கையைத் தூக்குகிறார், அதிலேயே காலம் தள்ளுகிறார். தமயந்தியிடம்கூட ஒரு வார்த்தை பேசுவதில்லை, அவளிடம்தான் அதிக வெட்கம். வராந்தாவில் தள்ளுவண்டி உருளுகிறது. கேன்டீன்காரர்கள். இன்றைக்குப் பொங்கல். கதவு திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, மிளகு நெய்யில் வெடித்த வாசனை, அதற்கு அடியில் இஞ்சி, அதற்கும் அடியில் பெருங்காயம், அது கொஞ்சம் தூக்கல். குழாய் ஏறிய துவாரம் போக மிச்சமிருக்கிற ஒற்றைத் துவாரம் இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். முகம் பார்த்ததில்லை, சத்தம் மட்டும்தான் பழக்கம். அந்த மனுஷன் பொங்கல் சாப்பிடுகிற அழகே அழகு. அவசரம் கிடையாது. ஒரு வாய், ஒரு 'ம்', சாம்பாரை உறிஞ்சுகிற சத்தம், மிளகு பல்லில் மாட்டியதும் ஒரு சின்ன நிதானம். வயிறு எரியவேண்டிய இடத்தில் ரத்தினவேலுவுக்குப் பெருமையாக இருக்கிறது. விழுங்குகிறார், நினைக்காமலே விழுங்குகிறார், அது எவ்வளவு பெரிய வித்தை என்று தெரியாமலே விழுங்குகிறார். தெரியாமல் இருப்பதில்தான் அந்த வித்தையே இருக்கிறது. தெரிந்துகொண்ட தொண்டை, இதோ, ஒரு சொட்டு எச்சிலை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் அனுப்புவது என்று யோசிக்கிறது. வேண்டாம். அதை நினைக்கக் கூடாது. பொங்கலை நினைக்கலாம்.

பொங்கல் என்றால் செல்லமணி. டூரில் கூடவே வருகிற கம்பெனிச் சமையல்காரன். விளம்பரத்தில் ஈஃபில் கோபுரத்துக்கு மேலே, அதைவிடப் பெரிதாக, 'தினமும் காலையில் சூடான நம்ம ஊர் டிபன்' என்று போட்டிருக்கும்; கோபுரத்தை நம்பி ஒருத்தரும் பதிவு செய்ததில்லை. ஹோட்டலில் அறையோடு சேர்த்துக் காலை உணவு உண்டு, நீள மேஜை முழுக்க ரொட்டியும் பழமும் சீஸும் தயிரும் அடுக்கிவைத்திருப்பார்கள். நம் ஆட்கள் அதைப் பொருட்காட்சி பார்க்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஆளுக்கொரு வாழைப்பழத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய் வரிசையில் நிற்பார்கள். அங்கே பஸ்ஸின் வயிற்றுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கம்பளிக் குல்லாயோடு செல்லமணி பொங்கல் கிண்டிக்கொண்டிருப்பான். அவன் வாயிலிருந்து ஆவி, சட்டியிலிருந்து ஆவி. "இதான்யா சாப்பாடு, ரெண்டு நாளா நாக்கு செத்துப்போச்சு" என்று சொல்லாத ஆள் கிடையாது. ரத்தினவேலுவும் தட்டை வாங்கிக்கொண்டு ஆஹா என்பார், மேனேஜர் சாப்பிடாவிட்டால் நன்றாகவா இருக்கும். ஆனால் அவர் வயிற்றில் அதற்கு அரைப் பங்கு இடம்தான் இருக்கும். மற்ற அரைப் பங்கு விடிவதற்குள்ளேயே நிரம்பியிருக்கும். எல்லாரும் தூங்கும்போது எழுந்து, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி, அந்த ஊர்க்காரன் வேலைக்குப் போகிற வழியில் எங்கே நின்று என்ன தின்கிறான் என்று தேடிக்கொண்டு போய்விடுவார். சின்னவீடு வைத்திருக்கிறவன்கூட அவ்வளவு பதுங்கிப் பதுங்கிப் போயிருக்க மாட்டான். ஒரு தடவை பாரிஸில் மாட்டிக்கொண்டார். வெண்ணெயை மடித்து மடித்து வைத்துச் சுட்ட பிறை ரொட்டி, கடித்தால் பொருபொருவென்று நொறுங்கும், உள்ளே வெறும் காற்று, அந்தக் காற்றுக்கும் வெண்ணெய் வாசனை. அதன் பொருக்கு கறுப்புக் கோட்டின் மேல் உதிர்ந்திருந்ததை டூரில் வந்திருந்த ரிட்டயர்டு தாசில்தார் அம்மாள் பார்த்துவிட்டார். "என்ன மேனேஜர் சார், தோள்ல என்னமோ கொட்டிக் கெடக்கு?" தணிக்கையில் ஓட்டை கண்டுபிடித்த சந்தோஷம் அந்த முகத்தில். "பொடுகும்மா," என்றார் ரத்தினவேலு. ஒரு நல்ல ரொட்டியை அப்படிச் சொன்னோமே என்று அன்றைக்கு முழுக்க மனசு கேட்கவில்லை.

ரொட்டி இருக்கட்டும், அந்த வெள்ளைக்கு என்ன பேர். இஸ்தான்புல்லில், சரிவான தெருவில், வாசலில் பூனை படுத்திருந்த கடை. உட்கார்ந்ததுதான் தாமதம், மேஜையில் ஓர் அங்குலம் மிச்சம் வைக்காமல் சின்னச் சின்னத் தட்டாக நிரப்பிவிட்டான். கறுப்பு ஆலிவ், பச்சை ஆலிவ், வெள்ளரி, தக்காளி, உப்புச் சீஸ், அத்திப்பழ ஜாம், ரோஜாப்பூவில்கூட ஒரு ஜாம், எள் ஒட்டின வளைய ரொட்டி, இடுப்புச் சிறுத்த கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத டீ. நடுவில் அந்த வெள்ளை. எருமைப்பாலின் ஏட்டைச் சுருட்டி வைத்து, அதன் தலையில் தேனை ஊற்றியிருந்தான். பேர் வரவில்லை. க-வில் ஆரம்பிக்கும். கா, கை. வரவில்லை. கடைக்காரனே ரொட்டியைப் பிய்த்து, அந்த ஏட்டையும் தேனையும் வழித்து, அவர் கையில் கொடுத்தான், வாங்கிச் சாப்பிட்டதும் இவர் முகத்தைப் பார்த்து அவன் சிரித்தான், இரண்டு பேருக்கும் ஒரு பாஷையும் பொதுவில் இல்லை. அவ்வளவையும் அவ்வளவு சின்னத் தட்டுகளில் பொறுமையாக வைக்கத் தெரிந்த ஜனங்கள் எப்படிப்பட்ட ஜனங்களாக இருக்க வேண்டும். காலை நேரத்தை அவர்கள் மதிக்கிறார்கள், அதுதான் விஷயம். பேர் ஏன் வரவில்லை. பூனையின் நிறம் ஞாபகம் இருக்கிறது, டீயில் போட்ட சர்க்கரைக் கட்டி கரைந்தது ஞாபகம் இருக்கிறது, பேர் இருந்த இடத்தில் மட்டும் வழுவழுவென்று ஒன்றுமில்லாமல் இருக்கிறது. மூளையில் ரத்தம் கட்டின இடத்தில் அது இருந்திருக்குமோ. அப்படியானால் இன்னும் என்னவெல்லாம் அங்கே இருந்தது, போனதே தெரியாமல் போனவை எத்தனை. அந்த ஊர் பாஷையில் காலைச் சாப்பாட்டுக்கே காபிக்கு முன்னால் என்றுதான் பேராம், கைடு சொன்னான், அது மட்டும் பத்திரமாக இருக்கிறது. காபிக்கு முன்னால். காபி.

காபி என்றாலே அந்த அரை ஸ்பூன்தான். அது போன வாரம். தமயந்திக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனுஷன் இத்தனை நாளாகக் காலையில் காபி இல்லாமல் எப்படி இருப்பார், அதுவும் இவர். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் டிகாக்‌ஷன் காபி கொண்டுவந்து, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கதவை ஒருக்களித்துவிட்டு, "ஒரே ஒரு வாய்ங்க, நாக்குல படட்டும், யாருக்கும் தெரிய வேணாம்" என்று அரை ஸ்பூன் ஊட்டினாள். பட்டது. நாக்கில் பட்ட அந்த ஒரு நொடி இருக்கிறதே, கசப்பும் பாலும் சூடும், இருட்டு வீட்டில் சுவிட்சைப் போட்ட மாதிரி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அடுத்த நொடி அது போகக் கூடாத வழியில் போய்விட்டது. இருமலா அது. நெஞ்சுக்கூடு பிய்ந்துகொண்டு வந்தது, மூச்சு உள்ளேயும் போகவில்லை வெளியேயும் வரவில்லை, கண்ணுக்கு முன்னால் தமயந்தியின் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. ராத்திரி காய்ச்சல். எக்ஸ்ரே. நெஞ்சில் சளி என்றார்கள், ஊசி மேல் ஊசி போட்டார்கள். எதனால் என்று டாக்டர் கேட்டபோது தமயந்தி இவரைப் பார்த்தாள், இவர் தமயந்தியைப் பார்த்தார். காபி விஷயம் அவர்கள் இரண்டு பேரோடு நின்றது. அதன் பிறகுதான் வயிற்றுக் குழாய்ப் பேச்சே வந்தது. அன்றையிலிருந்து தமயந்தி ஸ்பூனைத் தொட்டாலே கை நடுங்குகிறது, அவர் பார்க்காதபோது நடுங்குவதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் சாப்பிடுவதும் இப்போது வெளியேதான், வராந்தாக் கோடியில் நின்றுகொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். இருந்தும் முந்தானையில் நேற்று ரவா தோசை வாசனை இருந்தது. தெரியாத மாதிரி இருந்துகொண்டார். அரை ஸ்பூன். உலகத்தையே சுற்றிவந்த தொண்டைக்கு அரை ஸ்பூன் தாங்கவில்லை. இறங்கினால் இறங்கியது. இறங்காவிட்டால். இறங்காவிட்டால் நாக்குக்கு இனி வேலை இல்லை, பல் தேய்ப்பதுகூட வீண்.

இல்லை, இப்படிப் போகக் கூடாது, வேறு எங்காவது போகலாம். கெய்ரோ. கெய்ரோவில் தெருமுனையில் தள்ளுவண்டி, அதில் கழுத்துச் சிறுத்த பெரிய செம்புப் பானை, ராத்திரி முழுக்கச் சின்னத் தீயில் வெந்த பருப்பு. ஃபூல் என்பார்கள். பார்த்தால் நம் மொச்சைக்கு அண்ணன். நீளக் கரண்டியைப் பானைக்குள் விட்டு மொண்டு, தட்டில் போட்டு மசித்து, எண்ணெய், எலுமிச்சை, சீரகப்பொடி, பச்சை வெங்காயம், ஒரு உள்ளீடற்ற வட்ட ரொட்டி. கோட்டுப் போட்டவனும் சிமெண்டு மூட்டை தூக்குகிறவனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று தின்கிறார்கள், ஒருத்தன் தட்டில் குறைந்தால் இன்னொருத்தன் தன் ரொட்டியைக் கிழித்துக் கொடுக்கிறான். அப்படி ஒரு சாப்பாட்டை ராத்திரியெல்லாம் தூங்காமல் காத்து வேகவைத்து விடிகாலையில் தெருவுக்குக் கொண்டுவருகிறவனை என்ன சொல்லிப் புகழ்வது. அவர் அதைத் தமயந்தியிடம் சொன்னார். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவார், டூர் முடிந்து வந்த அன்றைக்குப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், சமையலறை வாசலில் நின்றுகொண்டே. அவள் கேட்டுக்கொண்டு வேறு வேலை பார்ப்பாள். கேள்வி மட்டும் சுருக்கென்று வரும். "தோலோட மசிச்சானா, தோலை எடுத்துட்டா?" "எலுமிச்சம்பழத்த அடுப்புல இருக்கறப்பவே பிழிஞ்சானா?" இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் தட்டில் மொச்சை வந்தது. ஊறவைத்து, வேகவைத்து, மசித்து, ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், சீரகத்தை வறுத்துப் பொடித்திருந்தாள், ரொட்டிக்குப் பதில் கோதுமை தோசை. ஏரோபிளேனில் ஏறாதவள், பாஸ்போர்ட் எடுத்து அது பீரோவிலேயே காலாவதியானவள், வாயால் சொன்னதைக் கேட்டே கெய்ரோவைப் பிடித்துக்கொண்டு வந்து பெரம்பூரில் வைத்துவிட்டாள். கெய்ரோக்காரன் சாப்பிட்டிருந்தால் எண்ணெய் விஷயத்தில் மனசு மாறியிருப்பான். அந்த வீட்டில் இஸ்தான்புல் வந்திருக்கிறது, சைகோன் வந்திருக்கிறது. சைகோனின் அரிசி நூடுல்ஸ் சூப்புக்கு அவள் இடியாப்பத்தைப் பயன்படுத்தினாள், மீன் சாஸ் கிடைக்காமல் கருவாட்டை வறுத்துப் போட்டாள், வாசனை தாங்காமல் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார், வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வாசனை என்றால் சுவிட்சர்லாந்து. நினைக்கும்போதே நெஞ்சுக்குள் சிரிப்பு கிளம்புகிறது, சிரிக்கவும் பயம், சிரித்தாலும் எச்சில் புரையேறும். ஏரிக்கரை ஹோட்டல். அன்றைக்குப் பார்த்துச் செல்லமணிக்குக் காய்ச்சல், காலையில் டிபன் இல்லை என்று இரவே சொல்லிவைத்திருந்தார். அதை ஏற்றுக்கொள்ளாத ஒரே ஜீவன் மதுரையிலிருந்து வந்திருந்த பாண்டியம்மாள், பெட்டியில் சின்ன மின்சார அடுப்பு, அவல், கடுகு, கறிவேப்பிலை சகிதம் வந்தவர். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெயைக் காயவைத்து, கடுகையும் வரமிளகாயையும் போட்டார். ஹோட்டலே அலறியது. சங்கு மாதிரி அலாரம், நாலு மாடியிலும் கதவு திறந்து, உலகத்தின் சகல தேசத்தாரும் இரவு உடையோடு புல்தரையில் வந்து நின்றார்கள், பின்னாலேயே சிவப்பு வண்டியில் தீயணைப்புக்காரர்கள். அவல் உப்புமாச் சட்டியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு பாண்டியம்மாள் நடுவில் நின்றார். ஹோட்டல் மேனேஜர் ரத்தினவேலுவைப் பிடித்துக்கொண்டு காய்ச்சி எடுத்தார், இவர் சாரி சாரி என்று குழைந்தார். உள்ளே போக விடவில்லை, ஏரிக் காற்று குளிர் குத்துகிறது, எல்லாருக்கும் பசி. அப்புறம் சமையலறை ஆட்களே மேஜைகளைத் தூக்கிக்கொண்டு வந்து புல்தரையில் போட்டார்கள். தடித்த தோல் ரொட்டி, ஓட்டை ஓட்டையான சீஸ், ஆப்பிளைச் சீவிப் போட்டு ஊறவைத்த ஓட்ஸ், கொதிக்கக் கொதிக்கச் சாக்லெட் பால். நாக்கு செத்துப்போன நம் கூட்டம், வேறு வழியில்லாமல், அவமானத்தோடு, முதல் தடவையாக அதில் கை வைத்தது. ஒருத்தர் சாப்பிட்டார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், இன்னொரு துண்டு எடுத்தார். "நல்லாத்தான இருக்கு," என்று யாரோ கோபமாகச் சொன்னார்கள், இத்தனை நாளாக ஏமாற்றப்பட்டுவிட்ட மாதிரி. தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்த தீயணைப்புக்காரன் ஒருத்தன், ஆறடி உயரம், மூக்கை உறிஞ்சி, அந்த வாசனை எது என்று சைகையில் கேட்டான். பாண்டியம்மாள் சட்டியை வெளியே எடுத்தார். "சாப்புடுய்யா, எம்புட்டுத் தூரத்துல இருந்து ஓடியாந்திருக்க." அவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையாலேயே அள்ளிச் சாப்பிட்டான், மிளகாய் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னும் வேண்டும் என்று நீட்டினான். அந்தப் புல்தரையில் நின்றபோது ரத்தினவேலுவுக்குத் தோன்றியது, விடிந்ததும் எதையாவது சூடாகச் செய்து இன்னொருத்தர் கையில் கொடுப்பதற்குத்தான் இந்த உலகம் தினமும் எழுந்திருக்கிறது என்று. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லியிருக்கலாம், அப்போது வாய் இருந்தது.

காய்மாக். எங்கிருந்து வந்தது அது. கூப்பிடாமலே வந்து நிற்கிறது, காய்மாக், அந்த எருமைப்பால் ஏட்டின் பேர். போகவில்லை, இருந்திருக்கிறது, எங்கோ ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்திருந்திருக்கிறது. கண்ணில் நீர் முட்டுகிறது, பக்கவாதம் வந்தால் இப்படி அடிக்கடி அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அந்தச் சாக்கு இருப்பது நல்லதாகப் போயிற்று. கதவு திறக்கிறது, தமயந்தி. குளித்திருக்கிறாள், தலை ஈரம், நெற்றியில் பொட்டு கோணலாக இருக்கிறது. கையில் எவர்சில்வர் டப்பா, அதைச் சுற்றித் துண்டு. "தூங்கலியா? நான் வர்றதுக்குள்ள யாராச்சும் வந்தாங்களா?" அவர் தலையை ஆட்டுகிறார். "கேழ்வரகுங்க. ஊறவச்சு அரச்சு, துணியில வடிகட்டிப் பாலெடுத்துக் காச்சினேன். நம்ம மலருக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முன்ன குடுப்போமே, அது. உப்புப் போடக் கூடாதுன்னுட்டாங்க." பேசிக்கொண்டே கட்டிலின் கைப்பிடியைச் சுற்றி அவரை நிமிர்த்தி உட்காரவைக்கிறாள், தலையணையை இடுப்பில் அண்டக்கொடுக்கிறாள், சீப்பை எடுத்துத் தலை வாரிவிடுகிறாள், பெண்பார்க்க வருகிறவர்களுக்காகப் பெண்ணைச் சிங்காரிக்கிற மாதிரி அவரை ஒரு ஸ்பூன் கூழுக்குத் தயார் பண்ணுகிறாள். மகள் மலர்விழி டப்ளினில் இருக்கிறாள், அங்கே இப்போது ராத்திரி, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருப்பாள். பல் முளைக்காத மலர் இதே கூழை முதல் வாயில் துப்பினாள், இரண்டாவது வாயில் யோசித்தாள், மூன்றாவது வாயில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு விழுங்க. தமயந்தியின் புடவையில் இன்றைக்கு ஒரு வாசனையும் இல்லை, சோப்பு மட்டும்தான். இவள் ஒன்றும் சாப்பிடவில்லை. வெளியே போய்க்கூடச் சாப்பிடவில்லை.

ஷெரின் வந்துவிட்டாள். நாகர்கோவில் பெண், மலரைவிடச் சின்னவள், வெள்ளைக் கோட்டின் பையில் பிஸ்கெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருக்கிறது. "அங்கிள், ரெடியா? இன்னைக்கு நாம ஜெயிக்கணும் கேட்டீங்களா." டப்பாவைத் திறந்து, ஸ்பூனில் கூழை எடுத்து, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறாள். விழவில்லை, ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "சூப்பர் ஆன்ட்டி. இதுதான் பதம். கெட்டியா இருந்தா மெதுவா எறங்கும், தொண்டைக்கு மூச்சுக் குழாய மூடிக்க நேரம் கெடைக்கும். தண்ணி மாதிரி இருக்குறதுதான் ஆபத்து, தண்ணி, காபி எல்லாம் அது பாட்டுக்கு ஓடிரும்." காபி என்றதும் தமயந்தி டப்பா மூடியைப் பார்க்கிறாள். "ஆன்ட்டி, நீங்களே குடுங்க. வீட்டுக்குப் போனா நீங்கதான குடுக்கணும், நான் இங்க கழுத்துல கை வச்சிருக்கேன்." தமயந்தி பின்னால் ஓர் அடி வைக்கிறாள். "நான் வேணாம்மா. நீயே குடு. என் கை சரியில்ல." "என்ன ஆன்ட்டி நீங்க." "வேணாம்மா. ஏதாச்சும் ஆயிட்டா." குரல் உடைந்துவிட்டது. ஷெரினுக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தினவேலுவுக்குப் புரிகிறது. இத்தனை நேரம் தொண்டைக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தோமே என்றிருக்கிறது. புரையேறினால் வயிற்றில் குழாயோடு அவர் இருந்துவிடுவார், ஒரு மாதிரி பழகிவிடும். தமயந்தி பழகமாட்டாள், அவள் ஆயுசுக்கும் அந்த அரை ஸ்பூன் காபியையே கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். இடது கையைத் தூக்குகிறார். நீட்டுகிறார். விரலால் கூப்பிடுகிறார், வா என்று. அவள் வருகிறாள், ஸ்பூனை வாங்குகிறாள், கை நடுங்குகிறது, அவர் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார், நடுக்கம் இரண்டு பேருக்கும் பொதுவாகிறது. "தாடைய நெஞ்சோட ஒட்டி வைங்க அங்கிள். வாயில வச்சதும் அவசரப்படாண்டாம். மூச்சப் பிடிச்சிட்டு, பலமா முழுங்கணும்." ஸ்பூன் வருகிறது. உதடு. நாக்கு.

வெறும் கனமாக இருந்தது முதலில், வாய்க்குள் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி. பிறகு இடது பக்க நாக்கில் மெல்ல, மழை பெய்த மண் ருசி, அதற்குப் பின்னால் தித்திப்பும் இல்லாத துவர்ப்பும் இல்லாத கேழ்வரகின் பால், அதற்கும் பின்னால் மிகச் சன்னமாக இன்னொன்று, கருகல், சட்டியின் அடியிலிருந்து வருகிற புகை வாசனை. தமயந்தி அடிப்பிடிக்க விடுகிறவள் அல்ல. இத்தனை வருஷத்தில் பால்கூட அவள் கையில் பொங்கி வழிந்தது கிடையாது. அடுப்பை விட்டுவிட்டு எங்கே நின்றுகொண்டிருந்தாளோ, எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு. அந்தக் கருகல் அவ்வளவு சரியாக, அவ்வளவு துல்லியமாக நாக்கில் நின்றது, ஐயோ, ருசி இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. "இப்போ முழுங்குங்க." மூச்சைப் பிடித்தார். கழுத்தில் ஷெரினின் விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று மேலே ஏறத் தயங்கியது, ஏறியது, இறங்கியது. போய்விட்டது. எந்த வழி. மூவரும் காத்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டில்காரர்கூடக் காத்திருந்தார், சத்தமில்லை. இருமல் வரவில்லை. "இன்னொருக்க, சும்மா முழுங்குங்க." விழுங்கினார். "ஆன்னு ஒரு சத்தம் குடுங்க அங்கிள், வழி மாறிப் போயிருந்தா குரல் கொழகொழன்னு வரும்." அவர் ஆ சொல்லவில்லை. தமயந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாக எடுத்துவைத்து, கோணலான வாயால், சளியில்லாத காய்ந்த குரலில் சொன்னார்: "அடி... பிடிச்சிருக்கு."

ஷெரின், "என்ன சொல்றாங்க?" என்றாள். தமயந்தி பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்தது, அதற்குள் அழுகை வந்து சிரிப்பைத் தள்ளிவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். "அடிப்பிடிச்சிருக்காம்மா. இத்தனை நாளா ஒரு வார்த்தை பேசல இந்த மனுஷன், பேசினதும் குத்தம் கண்டுபிடிக்கிறாரு பாரு." மூக்கை உறிஞ்சி, கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு, ஸ்பூனில் அடுத்த வாயை எடுத்தாள். அது வருவதற்கு முன்பே அவர் வாயைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார்.